ஆர்வியில் ஊர் ஊராகப் போய் ஓவியம் விற்க முடியுமா?

ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது: ஒஹாயோவின் கொலம்பஸில் இருக்கிறார். கேன்வாஸில் அக்ரிலிக் ஓவியங்கள் வரைகிறார். கோயில் விழாவிலும் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவிலும் சில படங்கள் விற்றிருக்கின்றன. இப்போது 28 அடி நீளமுள்ள பழைய ஆர்வி, அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள வீட்டு வண்டி, ஒன்று விலைக்கு வருகிறது. அதை வாங்கி, பள்ளி விடுமுறையில் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆர்ட் ஃபேர் எனும் திறந்தவெளிக் கலை விற்பனைக் கண்காட்சிகளில் விற்கலாமா? ஹோட்டல் செலவு மிச்சமாகும் அல்லவா? கணவருக்கு ஹெச்-1பி வேலை விசா, சகோதரிக்கு ஹெச்-4 ஈஏடி, அதாவது கணவரைச் சார்ந்த விசாவும் வேலை செய்யும் அனுமதியும்.

முடியும். நானும் என் கணவரும் மிச்சிகனிலிருந்து எட்டுக் கோடைகளாக இதைத்தான் செய்துவருகிறோம். ஆனால் நீங்கள் வண்டியிலிருந்து யோசிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். இந்தத் தொழிலில் வண்டி கடைசியாக வர வேண்டியது. இந்த வருடம் அதை வாங்காதீர்கள். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் ஹோட்டல் கணக்கு. எல்லோரும் இதைச் சொல்லித்தான் வண்டி வாங்குகிறார்கள், நாங்களும் அப்படித்தான் வாங்கினோம். போக வர 600 மைல் உள்ள ஒரு ஃபேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மினிவேனில் போனால் கேலனுக்கு 24 மைல், 25 கேலன் பெட்ரோல், கேலன் மூன்றரை டாலர் என்றால் சுமார் 88 டாலர். மூன்று இரவு மோட்டல், இரவுக்கு 130 வீதம் 390. மொத்தம் 480-க்குக் கொஞ்சம் குறைவு. அதே தூரம் ஆர்வியில் போனால் கேலனுக்கு 9 மைல்தான் கிடைக்கும். 67 கேலன், 233 டாலர். வண்டியை நிறுத்தித் தங்கும் கேம்ப்கிரவுண்டுக்கு இரவுக்கு 45 வீதம் 135. மொத்தம் 368. ஒரு ஃபேருக்கு மிச்சம் 110 டாலர்தான். கோடை முழுக்கப் பத்து ஃபேர் போனாலும் 1,100. ஆர்விக்கு ஆறு டயர் மாற்றினாலே அந்தப் பணம் போய்விடும். இன்ஷூரன்ஸ், பனிக்காலத்தில் நிறுத்திவைக்க வாடகை, கூரை ஒழுகினால் அடைக்கும் செலவு எல்லாம் அதற்கு மேல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்த நிலைமை.

அப்படியானால் எட்டு வருடமாக நாங்கள் ஏன் இதை விடவில்லை? ஆர்வி நமக்குத் தருவது சனி, ஞாயிறு இரவுகளின் படுக்கையை அல்ல, திங்கள் முதல் வியாழன் வரையிலான நாட்களை. ஒரு ஃபேர் முடிந்து வீட்டுக்குத் திரும்பி, மறுபடி மூட்டை கட்டி, மறுபடி கிளம்பும் அலைச்சல் இல்லாமல், ஒரு ஃபேரிலிருந்து நேராக அடுத்த ஃபேருக்குப் போகலாம். நடுவில் உள்ள நாட்களில் வேலை செய்யலாம். லாபம் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் ஊரை வைத்தே பார்ப்போம். ஜூன் கடைசியில் அயோவா மாநிலத்தின் டி மாய்ன் ஃபேர், ஜூலை இரண்டாம் வாரத்தில் விஸ்கான்சினின் மேடிசனில் தலைமைச் செயலகச் சதுக்கத்தைச் சுற்றி நடக்கும் ஃபேர், மூன்றாம் வாரத்தில் மிச்சிகனின் ஆன் ஆர்பர். ஒவ்வொன்றுக்கும் கொலம்பஸிலிருந்து தனித்தனியாகப் போய் வந்தால் சுமார் 2,700 மைல். ஒரே சுற்றாகப் போனால் சுமார் 1,500. கிட்டத்தட்ட 1,200 மைல் மிச்சம், அதற்கான பெட்ரோலும் மிச்சம், முக்கியமாக நான்கைந்து முழு நாட்கள் மிச்சம். அந்த நாட்களில் நான் ஏரிக்கரை ஸ்டேட் பார்க் ஒன்றில் மேசையை வெளியே போட்டு வரைகிறேன். திங்கட்கிழமை துணி துவைப்பதும் தூங்குவதும்தான். செவ்வாயும் புதனும் தூரிகை. வியாழன் காலை என் கணவர் படங்களுக்கு ஃபிரேம் போட்டுவிடுவார். சனிக்கிழமை அந்தப் படம் சுவரில் தொங்கும்போது, "இது எங்கே வரைந்தது?" என்று வாடிக்கையாளர் கேட்டால், இங்கிருந்து நாற்பது மைலில், மூன்று நாளுக்கு முன்னால் என்று சொல்ல முடிகிறது. அந்த வட்டாரத்துக்காரர்களுக்கு அது பிடித்திருக்கிறது. எங்கள் விற்பனையில் நல்லதொரு பங்கு இப்படி வழியில் வரைந்த சின்னப் படங்களால் வருகிறது.

ஆக, தொடர்ச்சியாக மூன்று நான்கு ஃபேர்களில் இடம் கிடைக்கிற நிலை வந்தால்தான் ஆர்விக்கு அர்த்தம் உண்டு. அந்த நிலை முதல் வருடத்தில் வராது. நாமாகப் போய்க் கடை போடுகிற சந்தை இல்லை இது, தேர்வு உண்டு. பெரும்பாலான நல்ல ஃபேர்களுக்கு ஸாப்ளிகேஷன் என்ற தளத்தின் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், நாங்கள் சுருக்கமாக ஸாப் என்போம். நான்கைந்து ஓவியங்களின் படங்களும் உங்கள் பூத்தின், அதாவது கடைக் கூடாரத்தின், படம் ஒன்றும் கேட்பார்கள். நடுவர்கள் பெயர் பார்க்காமல் அவற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள். விண்ணப்பக் கட்டணம் பெரும்பாலும் 25 முதல் 50 டாலர் வரை, இடம் கிடைக்காவிட்டாலும் அது திரும்பி வராது. கிடைத்தால் பத்தடிக்குப் பத்தடி இடத்துக்கு 300-லிருந்து 800 டாலர் வரை, பெரிய ஃபேர்களில் அதற்கும் மேல். டென்வரில் ஜூலை நான்காம் தேதியை ஒட்டி நடக்கும் செர்ரி க்ரீக் போன்ற ஃபேர்களில், இருக்கும் இடங்களைப் போலப் பல மடங்கு பேர் விண்ணப்பிக்கிறார்கள். அனுபவம் உள்ளவர்களே வருடா வருடம் நிராகரிக்கப்படுகிறார்கள். வண்டியை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டுக் கடிதத்துக்காகக் காத்திருப்பது மனத்துக்கு மிகவும் கஷ்டமான காரியம்.

படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கோயில் விழாவில் ஒரு பிள்ளையார், ஒரு மயில், ஒரு மலர்க்கொத்து, ஒரு கடற்கரை என்று கலந்து வைத்தால் ஆளுக்கொன்று வாங்கிப் போவார்கள். நடுவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. ஐந்து படங்களும் ஒரே கையிலிருந்து வந்தவை என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். உங்களிடம் எது அதிகம் இருக்கிறதோ, எதை வரையும்போது நேரம் போவது தெரியவில்லையோ அந்த வரிசையை மட்டும் அனுப்புங்கள். பூத் படத்தை வீட்டு முற்றத்தில் கூடாரம் அடித்தே எடுக்கலாம். மேகமூட்டமான நாளில் எடுங்கள், வெள்ளைத் துணிச் சுவர் சுருங்காமல் இருக்கட்டும், உங்கள் பெயர்ப் பலகையோ நீங்களோ படத்தில் வரக்கூடாது.

சரி, வண்டி. நீங்கள் பார்த்திருக்கும் 28 அடி வண்டி, ஓட்டுநர் இருக்கைக்கு மேலே படுக்கை துருத்திக்கொண்டிருக்கும் கிளாஸ் சி வகையாகத்தான் இருக்கும். குடும்பமாக ஊர் சுற்ற அது அருமையான வண்டி. ஓவியம் விற்கப் போகிறவருக்கு அது முதலில் ஒரு கிடங்கு, அப்புறம்தான் வீடு. விற்பவர் சமையலறையையும் சோஃபாவையும் காட்டுவார். நீங்கள் கதவருகில் ஒட்டியிருக்கும் எடை ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும்.

அது 2,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். நிறைய இருப்பதாகத் தோன்றும். நீங்கள் நான்கு பேர், 500 பவுண்டு. தண்ணீர் கேலனுக்கு 8.3 பவுண்டு, 40 கேலன் தொட்டியை நிரப்பினால் 330. கூடாரம், சுவர்ப் பலகைகள், கால்களுக்குக் கட்டும் எடைகள், ஓவியங்கள், மேசை, பிரின்ட் எனும் ஓவிய அச்சுப் பிரதிகளின் பெட்டிகள் எல்லாம் சேர்ந்து எங்களுக்கு 800 வரும். துணிமணி, பாத்திரம், மளிகை, பிள்ளைகளின் சைக்கிள் என்று இன்னொரு 400. முடிந்தது, இப்போதே கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும். பதினைந்து டாலர் அளவில்தான் ஆகும். சாமான் ஏற்றியபடி ஒரு முறை எடை போட்டுப் பார்த்துவிடுங்கள். தண்ணீரைக் கால் தொட்டி மட்டும் வைத்துக்கொண்டு பயணம் செய்து, தங்குமிடத்துக்குப் பக்கத்தில் நிரப்பிக்கொள்வது எங்கள் வழக்கம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2017-ல் எங்கள் முதல் வண்டியை வாங்கிய கோடையில், நெப்ராஸ்காவில் இன்டர்ஸ்டேட் 80-ல் போய்க்கொண்டிருந்தோம். பின்சக்கரத்தில் இரட்டை டயர்களில் உள்பக்கத்து டயர் வெடித்தது. கிழிந்த ரப்பர் பட்டை சாட்டை மாதிரி சுழன்று, சக்கரத்துக்கு மேலிருந்த தரையையே பிளந்துவிட்டது. அதற்கு நேர் மேலேதான் நாங்கள் ஓவியங்களை வைக்கப் பலகையடித்த அடுக்கு. கறுப்புத் தூசு படிந்த ஓட்டை வழியாகச் சாலை தெரிந்தது. நான்கு ஃபிரேம்கள் நொறுங்கிவிட்டன. வாங்கும்போது டயரின் பூவெல்லாம் ஆழமாக, புதிதாகத்தான் இருந்தது. எங்களுக்குத் தெரியாமல் போனது இதுதான்: டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரமும் வருடமும். எங்களுடையதில் 2309 என்றிருந்தது. 2009-ன் 23-வது வாரம். எட்டு வருடத்து டயரின் மேல் அளவுக்கு மீறிய பாரம். ஆர்விகள் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம் என்பதால், தேய்வதற்கு முன்பே டயர் வயதாகிவிடும். நீங்கள் எந்தப் பழைய வண்டியைப் பார்க்கப் போனாலும் ஆறு டயர்களின் எண்ணையும் குனிந்து படியுங்கள். இரட்டைச் சக்கரத்தில் உள்பக்கத்து டயரையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல், பூத் வரை அந்த வண்டி போகாது. நகர நடுவில் நடக்கும் ஃபேர்களில் பொருள் இறக்க உங்களுக்கென்று ஒரு நேரம் தருவார்கள். அதற்குள் இறக்கிவிட்டு வண்டியை எடுத்துவிட வேண்டும், அப்புறம்தான் கூடாரம் அடிக்கவே தொடங்கலாம். இரண்டு பக்கமும் பூத்துகள் நிற்கும் தெருவில் 28 அடி வண்டியைப் பின்னால் எடுப்பது மற்றவர்களுக்கும் ஆபத்து. பெரிய வண்டிகளுக்குத் தொலைவில் தனி இடம் ஒதுக்குவார்கள், சில இடங்களில் அதற்கும் கட்டணம். நாங்கள் மூன்றாம் வருடம் அந்த வண்டியை விற்றுவிட்டு, உயரமான கூரை உள்ள சரக்கு வேன் ஒன்றை வாங்கி, பின்பாதியை ஓவியத்துக்கும் முன்பாதியைக் கட்டிலுக்கும் அடுப்புக்குமாகப் பிரித்துக்கொண்டோம். இரண்டு பேருக்கு அது போதும். நான்கு பேருக்குப் போதாது என்பது தெரியும். பிள்ளைகளோடு போகிறவர்கள் பலர், சாமானுக்கு ஒரு சரக்கு வேனையும், தங்குவதற்கு அது இழுக்கும் சின்ன டிரெய்லர் வீட்டையும் வைத்திருக்கிறார்கள். டிரெய்லரைக் கேம்ப்கிரவுண்டில் விட்டுவிட்டு வேனை மட்டும் ஃபேருக்கு ஓட்டிப் போகலாம். எனக்குத் தெரிந்து குடும்பங்களுக்கு இதுவே சரியான ஏற்பாடு.

எடை விஷயத்தில் ஒரு சட்டமும் உண்டு. வியாபாரத்துக்காக மாநிலம் விட்டு மாநிலம் போகும் வண்டி, அல்லது வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து, நிர்ணயிக்கப்பட்ட எடை 10,001 பவுண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் அது மத்திய அரசின் கண்ணில் வணிக வாகனம். பதிவு எண்ணும் வேறு விதிகளும் வந்துவிடும். சொந்த உல்லாசத்துக்குப் போகிறவருக்கு உள்ள விலக்கு விற்கப் போகிறவருக்கு இல்லை. ஃபோர்டு இ-450 அடித்தளத்தில் கட்டிய கிளாஸ் சி வண்டியின் அளவு 14,500 பவுண்டு. வாங்கும் முன்பே உங்கள் மாநில அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் ஓவியங்கள். அக்ரிலிக் என்பதால் இதைக் கவனமாகப் படியுங்கள். அக்ரிலிக் காய்ந்தாலும் பிளாஸ்டிக்தான், சூட்டில் இளகும். நானும் முதல் இரண்டு கோடைகளில் அக்ரிலிக்தான் வரைந்தேன். ஒரு ஜூலை மாதம், இரண்டடிக்கு மூன்றடி கேன்வாஸ் இரண்டைக் காற்றுக் குமிழ் உறையில் இறுகச் சுற்றி, முகத்தோடு முகம் வைத்து அடுக்கியிருந்தேன். வண்டியை மூடி வெயிலில் நிறுத்திவிட்டு மதியம் வெளியே போனோம். அடுத்த நாள் காலை பூத்தில் பிரித்தால் உறை பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. மிச்சிகன் ஏரியின் மேலே நான் நான்கு பூச்சுப் பூசி வரைந்திருந்த வெளிர்நீல வானம் முழுக்க வட்ட வட்டமாகத் தழும்பு, வரிசை தவறாமல். விரலால் தடவினால் ஒவ்வொரு குழியும் தட்டுப்பட்டது. அந்தப் படத்தை மீட்க முடியவில்லை. இன்றும் என் அறையில்தான் இருக்கிறது.

அதனால், அக்ரிலிக் பரப்பின் மேல் குமிழ் உறை நேரடியாகப் படவே கூடாது. சிலிகோன் பூசிய வழவழப்பான தாளை முதலில் போர்த்துங்கள். அதற்கு மேல்தான் மற்ற உறை. படங்களைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம். நூலகத்தில் புத்தகம் நிற்பது போல ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளவு உள்ள மர அடுக்கு செய்து, பிளவுகளில் பழைய கம்பளத் துண்டை ஒட்டிவிடுங்கள். ஒரு படம் இன்னொன்றைத் தொடாது. வண்டியின் கூரையில் காற்றை வெளியேற்றும் விசிறி இருக்க வேண்டும், நிறுத்தும்போது நிழல் தேட வேண்டும். கண்ணாடி போட்ட ஃபிரேம் உங்களிடம் ஏதாவது இருந்தால், அக்ரிலிக் தகட்டுக்கு மாற்றிவிடுங்கள். கண்ணாடியின் பாதி எடைதான், ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கினால் உடைந்து படத்தைக் கிழிக்காது.

கூடாரத்துக்கு வருவோம். கடைகளில் 150 டாலருக்குக் கிடைக்கும் விரித்து மடக்கும் கூடாரத்தோடு தொடங்கினால் தவறில்லை, ஆனால் அதன் கூரை மூலைகளில் மழைநீர் தொட்டி மாதிரி தேங்கி, பாரம் தாங்காமல் கம்பிகள் மடங்கிவிடும். பிள்ளைகள் இடுப்பில் சுழற்றும் பிளாஸ்டிக் வளையத்தைக் கூரை மூலைக்கு அடியில் செருகிவைத்தால் துணி உப்பலாக நின்று நீர் வழிந்துவிடும். நிறைய ஓவியர்கள் செய்வது. எடைக்கு ஒவ்வொரு காலிலும் குறைந்தது 40 பவுண்டு கட்டச் சொல்வார்கள். நான்கு அங்குல பிவிசி குழாயை மூன்றடிக்கு வெட்டி, அடியை மூடி, மேலே ஒரு கொக்கியை வைத்துக் கான்கிரீட் ஊற்றினால் ஒன்று சுமார் 40 பவுண்டு வரும். அதைக் கூரையின் மூலையிலிருந்து பட்டையால் இழுத்துக் கட்டி, அடியில் காலோடும் கட்டுங்கள். வெறுமனே தொங்கவிட்டால் காற்றில் ஊசலாடி யாருடைய காலையாவது பதம் பார்க்கும். தண்ணீர் கேன் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஒரு கேலன் எட்டுப் பவுண்டுதான், கேட்காதீர்கள்.

அயோவாவில் ஒரு சிற்றூர் ஃபேரில், சனிக்கிழமை நள்ளிரவுக்கு மேல் இடி மின்னலோடு காற்று பிடித்தது. நாங்கள் இரண்டு மைல் தள்ளி, வண்டிக் கூரையில் மழை அடிப்பதைக் கேட்டபடி விழித்திருந்தோம். காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தால் எங்கள் வரிசையில் மூன்று கூடாரங்கள் கால்கள் மடங்கித் தலைகீழாகக் கிடந்தன. எதிரே ஒரு குயவர், கையுறை போட்டுக்கொண்டு, தன் கிண்ணங்களின் சில்லுகளை ஒரு வாளியில் பொறுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் கூடாரம் நின்றிருந்தது. ஆனால் தரையில் வைத்திருந்த இரண்டு அட்டைப் பெட்டிகள் அடியிலிருந்து நீரை உறிஞ்சி, உள்ளேயிருந்த பிரின்ட்கள் அலை அலையாக நெளிந்துவிட்டன. அன்றிலிருந்து பிரின்ட் எல்லாம் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளில்தான், இரவில் எதுவும் தரையில் கிடையாது. பெரிய படங்களை இரவில் வண்டிக்கே எடுத்து வந்துவிடுவோம். அந்தக் குயவருக்கு அன்று பக்கத்துப் பூத்துக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து மேசையும் பலகையும் கொடுத்து, மிஞ்சியதை வைத்துக் கடை போட வைத்தார்கள். இந்த வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த மனிதர்கள்தான். போய்ச் சேர்ந்ததும் பக்கத்து பூத்துக்காரரிடம் பேசிவிடுங்கள். அவர் பத்து நிமிடம் உங்கள் கடையைப் பார்த்துக்கொண்டால்தான் நீங்கள் கழிப்பறைக்கே போக முடியும்.

தங்குமிடம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோடை வார இறுதிகளில் ஸ்டேட் பார்க்குகள் சீக்கிரம் நிரம்பிவிடும். மிச்சிகனில் ஆறு மாதத்துக்கு முன்பே பதிவு திறக்கிறது, ஃபேரில் இடம் கிடைத்த கடிதம் வந்த அன்றே பதிந்துவிடுங்கள். பல கவுன்டிகளின் கண்காட்சி மைதானங்களில் மின்சாரத்தோடு இடம் மலிவாகக் கிடைக்கும், வெளியூர்க்காரர்கள் அதைத் தேடுவதில்லை. பயணத்தின் நடுவே ஓரிரவுக்கு ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ் என்ற உறுப்பினர் திட்டம் நல்லது, பண்ணைகளிலும் திராட்சைத் தோட்டங்களிலும் நிறுத்த விடுவார்கள். கழிப்பறை வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும், அவர்களிடம் ஏதாவது வாங்குவது மரியாதை. வால்மார்ட் வளாகத்தில் எல்லாக் கிளைகளும் அனுமதிப்பதில்லை, உள்ளே போய் மேலாளரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். வெள்ளிக்கிழமை இரவு மட்டும் ஃபேருக்கு இருபது மைலுக்குள் தூங்குங்கள், பொருள் இறக்கும் நேரம் சில சமயம் விடிகாலை ஐந்து மணிக்கே இருக்கும்.

சாப்பாட்டில் நமக்கு ஆர்வி பெரிய வரம். பதினொரு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவருக்கு ரசமும் சாதமும் கிடைத்தால் அடுத்த நாள் நிற்கத் தெம்பு வரும். இட்லி மாவை மட்டும் கோடையில் கவனியுங்கள். மூடிய வண்டியின் சூட்டில் மூன்று நான்கு மணி நேரத்தில் பொங்கிவிடும், பாதிப் பாத்திரத்துக்கு மேல் ஊற்றாதீர்கள். பிள்ளைகளை இரண்டு நாளும் பூத்துக்குள் உட்கார வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. பெரியவர் ஒருவர் முழு நேரமும் அவர்களோடு இருக்க வேண்டும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரியவர் உங்கள் கணவராக இருப்பதே நல்லது. ஹெச்-4 ஈஏடி இருப்பதால் நீங்கள் சொந்தமாகத் தொழில் செய்யலாம். ஹெச்-1பி-யில் இருப்பவர் அவரை எடுத்த நிறுவனத்துக்கு மட்டும்தான் வேலை செய்யலாம். உங்கள் பூத்தில் நின்று விற்பதும் பணம் வாங்குவதும், சம்பளமே இல்லாவிட்டாலும், அனுமதியில்லாத வேலையாகக் கருதப்படலாம். அவர் வண்டியிலிருந்தே அலுவலக வேலை பார்ப்பதாக யோசித்திருந்தால் அதையும் நிறுத்திவையுங்கள். அவருடைய விசா மனுவில் வேலை செய்யும் இடம் எது என்று குறிப்பிட்டிருக்கிறது. நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுத்தில் சரி சொல்லாமல் மூன்று மாதம் ஊர் ஊராக இருந்து வேலை பார்ப்பது கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் குடும்பத்துக்கு வேண்டாத ஆபத்து. ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். இந்த முழுப் பதிலிலும் நான் உங்களைக் கெஞ்சிக் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மிச்சிகனில் 6 சதவீதம். விற்கப் போகும் ஒவ்வொரு மாநிலத்திலும் பதிவோ தற்காலிகப் படிவமோ வேண்டும், ஃபேர் நடத்துபவர்களே எது என்று சொல்வார்கள். வசூலித்த வரியைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள், அது நம் பணம் அல்ல. சாதாரண ஆர்வி இன்ஷூரன்ஸ் உள்ளே இருக்கும் விற்பனைச் சரக்குக்குப் பொதுவாகப் பொருந்தாது, தொழிலுக்காக ஓட்டுகிறோம் என்பதை மறைக்காமல் சொல்லி அதற்கேற்ற பாலிசி எடுங்கள். கார்டு வாங்கும் கருவியில் இணையம் இல்லாமலும் இயங்கும் வசதியைப் பழகிக்கொள்ளுங்கள். கூட்டம் சேர்ந்தால் செல்போன் சிக்னல் படுத்துவிடும். ஆனால் அப்படி வாங்கிய கார்டு பிறகு மறுக்கப்பட்டால் நஷ்டம் நம்முடையது, பெரிய படத்துக்குச் சிக்னல் வரும்வரை காத்திருப்பது நல்லது.

இப்போது என்ன செய்யலாம் என்று கேட்டால், இந்த வருடம் கொலம்பஸிலிருந்து 150 மைலுக்குள் இருக்கும் சின்ன ஃபேர்கள் நான்கைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் காரும் ஒரு வாடகைச் சரக்கு வேனும் போதும். அதில் ஒரு ஃபேருக்கு மட்டும், நீளமான வார இறுதியாகப் பார்த்து, ஆர்வி ஒன்றை நான்கு நாட்களுக்கு வாடகைக்கு எடுங்கள். சாமானை ஏற்றி எடை போடுங்கள். மழையில் கழிவுத் தொட்டியைக் காலி செய்து பாருங்கள். ஞாயிறு மாலை கடை பிரித்துக் களைத்திருக்கும்போது பிள்ளைகளோடு அந்த இடத்துக்குள் நால்வரும் எப்படி இருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஜூலையில் ஒரு நாள் ஆன் ஆர்பருக்கு வெறும் பார்வையாளராகப் போங்கள், உங்களிடமிருந்து மூன்று மணி நேரம்தான். 1960-ல் தொடங்கியது, இப்போது மூன்று தனித்தனி ஃபேர்கள் ஒரே நேரத்தில் நகர் முழுக்க நடக்கின்றன. அக்ரிலிக் வரைகிறவர்களின் பூத்துகளில் விலை, அளவு, சுவரில் தொங்கவிட்டிருக்கும் முறை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டம் குறைந்த காலை வேளையில் கேட்டால் எந்த வண்டியில் வந்தார்கள் என்றும் சொல்வார்கள்.

அடுத்த கோடைக்கான விண்ணப்பங்கள் இலையுதிர்காலத்திலிருந்து திறக்கத் தொடங்கும், பெரியவை பல ஜனவரி, பிப்ரவரிக்குள் மூடிவிடும். அதற்குள் ஒரே வரிசையில் பன்னிரண்டு ஓவியங்கள் உங்களிடம் தயாராக இருக்க வேண்டும். கடிதங்கள் வந்தபின் வரைபடத்தை விரித்து, கிடைத்த ஊர்களைக் கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். மூன்று ஊராவது அடுத்தடுத்த வாரங்களில் ஒரே சுற்றில் வந்தால், அப்போது வண்டி பார்க்கப் போகலாம். குளிர்காலக் கடைசியில் விலையும் குறைவாக இருக்கும்.